நொத்தாரிசு வீட்டில் தூங்கும் லப்டொப்

அத்தியாயம் பதினொன்று

வவுனியா பசாரில் ஒரு சாமானைத் திருத்துவது பெரிய காரியமில்லை. சாமான் திருந்திவிட்டது என்று சொந்தக்காரரை நம்ப வைப்பதில்தான் மனிதனுக்கு அரைவாசி ஆயுள் போகும். ஜெமீலுக்கு இந்த ஒரு கிழமையிலேயே அது போய்விட்டது போலிருந்தது.

போன இதழைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வாங்காதவர்களுக்கு இவ்வளவும் தெரிந்தால் போதும். ஜெமீல் றேடியோ, ரீவி திருத்துகிறவர். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வடக்கை விட்டுப் போகச் சொன்னபோது முல்லைத்தீவில் இருந்து உடுத்த உடுப்போடு கிளம்பி, புத்தளத்தில் ஐந்து வருடம் ஓலைக் கொட்டிலில் கிடந்து, வவுனியாவுக்கு வந்து ஆறு வருடம். அவருடைய கடையறை, காணி உறுதிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு தில்லைநாதனுக்குச் சொந்தம். ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் முப்பத்தொன்றில் அடுத்த வருடத்துக்கான வாடகை ஒப்பந்தத்தை நொத்தாரிசு எழுதுவார், ஜெமீல் கையெழுத்து வைப்பார், நொத்தாரிசின் மனைவி இராசேஸ்வரி அம்மா தேத்தண்ணி கொடுப்பார். ஐந்து தடவை அப்படித்தான் நடந்தது.

இந்த வருடம் அந்த அறைக்குப் பக்கத்துக் கடைச் சின்னராசாவும் கண் வைத்திருக்கிறார். நடுச்சுவரை உடைத்தால் அவருடைய கொமினிகேசனில் இன்னும் நாலு ரெலிபோன் வைக்கலாம். வெளிநாட்டுக்குக் கதைக்க வரிசையில் நிற்கிற சனம் வவுனியாவில் குறைவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் நொத்தாரிசின் லப்டொப் மேசையில் இருந்து விழுந்தது. கனடாவில் இருக்கும் மகன் தான் ஐந்து வருடம் பாவித்துவிட்டு அனுப்பிய பழைய சாமான். மூடியின் பிணைச்சல் உடைந்து, திரை கழுத்து முறிந்த கோழி மாதிரித் தொங்கியது. ஜெமீல் மூன்று நாள் குனிந்திருந்து திருத்தித் திங்கட்கிழமை கொடுத்தார். செவ்வாய்க்கிழமை அது தூங்கத் தொடங்கியது.

தூக்கம் என்றால் சாதாரணத் தூக்கமில்லை. நொத்தாரிசு ஒரு உறுதியை அடித்துக்கொண்டிருப்பார். தாளைப் பார்த்துவிட்டுத் தலை நிமிர்ந்தால் திரை கறுத்திருக்கும். ஒரு பச்சை வெளிச்சம் மட்டும் சிமிட்டிக்கொண்டிருக்கும். எந்தப் பொத்தானுக்கும் மசியாது. சுவிச்சை அமத்திப் பிடித்து அணைத்தால் அதுவரை அடித்த எழுத்தெல்லாம் காற்றோடு போகும். மறுபடி போட்டால் எழும்பின கையோடு மறுபடி தூங்கும்.

அதே லப்டொப் ஜெமீலின் கடைக்கு வந்தால் கண் இமைக்காது. செவ்வாய் பின்னேரம் வந்தது, மூன்று மணித்தியாலம் விழித்திருந்தது. வியாழன் காலை வந்தது, மதியம் வரை விழித்திருந்தது. வீட்டுக்குப் போனால் தூங்கும். தாய் வீட்டில் ஒரு குணமும் மாமியார் வீட்டில் ஒரு குணமும் காட்டுகிற மருமகளைப் போல.

நொத்தாரிசு நேற்று ஒரே ஒரு வரிதான் சொல்லிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அறை விசயம் முடிக்க வேண்டும், அதற்கு முன் வீட்டுக்கே வந்து பார்க்கட்டும்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

*

காலை ரொட்டி ஜெமீலின் கையில் இருந்தது. வாய்க்குப் போகவில்லை. அவருடைய மனம் அரிசிமணி அளவில் ஒரு காந்தத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது.

லப்டொப்பின் மூடி விளிம்புக்குள், இடப்பக்கம், அப்படி ஒரு காந்தம் இருக்கிறது. கீழ்ப்பகுதியில், எழுத்துப் பொத்தான்களுக்கு முன்னால் கை ஊன்றுகிற இடத்துக்கு அடியில், கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு சின்னச் சுவிச்சு. மூடியை மூடினால் காந்தம் சுவிச்சுக்குக் கிட்ட வரும். உடனே, 'என்னை மூடியாயிற்று' என்று நினைத்து லப்டொப் நித்திரைக்குப் போகும். வெள்ளைக்காரன் கரண்ட் மிச்சம் பிடிக்கக் கண்டுபிடித்த வழி. விழுந்ததில் அந்தக் காந்தம் கழன்றிருந்தது. அதைப் பசை வைத்து ஒட்டியது ஜெமீலின் கை.

பசை விட்டிருந்தால்? காந்தம் உள்ளே விழுந்து, சுவிச்சுக்குப் பக்கத்தில் உருண்டுகொண்டிருந்தால்? அப்படியென்றால் பிழை தன்னுடையது. இருபத்திரண்டு வருடத் தொழிலில் இப்படி ஒரு காலை அவருக்கு விடிந்ததில்லை.

றம்லா ரொட்டித் தட்டைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள். அவள் அதிகம் கதைக்கிறவள் இல்லை. கதைத்தால் அது நேரே இலக்கில் போய் நிற்கும்.

"பதினொரு வருசத்தில ஏழு தரம் பெட்டி கட்டியிருக்கிறன். இனி எனக்கு ஏலாது. அந்த அறை போனாத் திரும்பவும் புத்தளம்தான். போறதெண்டா நீங்க மட்டும் போங்க, நான் இந்த வாசல்லயே இருக்கிறன்."

அறை போகாது என்று சொல்ல ஜெமீல் வாயெடுத்தார். அதற்குள் வாசலில் சைக்கிள் மணி அடித்தது. றம்லாவின் தம்பி முன்ஸிர். பிளாஸ்ரிக் வாளியும் கூடையும் ஊர் ஊராகக் கட்டிக்கொண்டு போய் விற்கிறவன். சாமான் பிளாஸ்ரிக், வாய் மட்டும் தங்கம் விற்கிறவனுடைய வாய்.

முன்ஸிர் கொண்டுவந்த செய்தி நல்லதில்லை. நேற்றுப் பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் நாலு பேருக்கு முன்னால் நொத்தாரிசு சொன்னாராம், லப்டொப்புக்குள் இருந்த அசல் சாமான் ஏதோ கைமாறிப் போய்விட்டது என்று. முன்ஸிர் சும்மா விடவில்லையாம். கனடாக்காரன் றோட்டில் எறிந்த சாமானுக்குள் அசல் எது, போலி எது என்று திருப்பிக் கேட்டானாம். சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு வெற்றி தெரிந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அது கரைந்தது.

"உன்னை ஆரு கதைக்கச் சொன்னது?" என்றாள் றம்லா.

அவன் கதிரையை இழுத்துப் போட்டு, குரலை இறக்கி, மச்சானுக்கு யோசனை சொல்லத் தொடங்கினான். பேரம் பேசிப் பழகினவனுடைய யோசனை.

"மச்சான், உண்மை எங்கயும் ஓடாது. முதல்ல அறையை எழுதி எடுங்க. உள்ளுக்க ஒரு சின்னச் சாமான் பிழை, காசில்லாம மாத்தித் தாறன் எண்டு சொல்லுங்க. மனுசன் குளிர்ந்திருவார்."

"பிழை செய்தவன் எண்டு நானே சொன்னாப் பிறகு எனக்கு ஆரடா அறை தருவான்?"

முன்ஸிர் அக்காவின் ரொட்டியில் ஒன்றை எடுத்துக்கொண்டான்.

அப்போது உள்ளே இருந்து றிஸானா வந்தாள். ஜெமீலின் மூத்த மகள், இருபது வயது, கொம்பியூட்டர் வகுப்பு முடித்தவள். லப்டொப்பின் உடம்பு வாப்பாவுக்குத் தெரியும் என்றால் அதன் புத்தி மகளுக்குத் தெரியும். தானும் வருவதாகச் சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள்.

*

ஜும்மாத் தொழுகை முடிந்து இருவரும் இரண்டு சைக்கிளில் வைரவபுளியங்குளத்துக்குப் புறப்பட்டார்கள். வழியில் சோதனைச் சாவடியில் கருவிப் பெட்டியைத் திறந்து குறடு குறடாக எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. நொத்தாரிசு வீட்டுப் படலையைத் திறக்கும்போது இரண்டு மணி.

வீட்டுக்குள் யாரோ விரைந்து நடக்கிற சத்தம் கேட்டது. ஒரு கதவு சாத்தப்பட்டது. பிறகுதான் இராசேஸ்வரி அம்மா வாசலுக்கு வந்தார்.

"வாங்கோ தம்பி. பிள்ளையும் வந்திருக்கிறாவே, வா பிள்ளை."

அறுபது வயது. வெள்ளிக்கிழமை முழுகின தலைமயிர் நுனியில் முடிச்சு. அவா எப்போதும் போலத்தான் சிரித்தா. ஆனால் சிரிப்பு ஒரு விநாடி பிந்தி வந்ததாக ஜெமீலுக்குத் தோன்றியது. பயந்தவன் கண்ணுக்கு எல்லாமே பிந்தித்தான் தெரியும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

தில்லைநாதன் சிரிக்கவேயில்லை. மேசையைக் காட்டினார்.

"கிடக்குது, பாரும். இண்டைக்குக் காலமையும் ஒருக்காப் படுத்திட்டுது. மத்தியானமும் படுத்திட்டுது. நாலு மணிக்கு எனக்கு ஒரு எழுத்து முடியவேணும்."

ஜெமீல் லப்டொப்பைத் திறந்தார். கை ஊன்றுகிற இடத்தில், இடப்பக்கம், சந்தனம் ஒரு பொட்டளவு காய்ந்து ஒட்டியிருந்தது. கடைக்கு வந்த இரண்டு தடவையும் அது இருந்தது. இரண்டு தடவையும் அவர் துணியால் மற்ற இடமெல்லாம் துடைத்து, அந்தப் பொட்டை மட்டும் தொடாமல் விட்டிருந்தார். அது அவர்களுடைய நம்பிக்கை. அதில் தனக்கென்ன கதை?

வேலை தொடங்கியது.

முதலில் கரண்ட். இந்தப் பகுதியில் பின்னேரமானால் கரண்ட் கஞ்சித் தண்ணியாக இளகிவிடும் என்று பேர். அளந்து பார்த்தார். இளகவில்லை. பிறகு பற்றரியைக் கழற்றிவிட்டு வயரில் மட்டும் ஓடவிட்டார். ஓடியது. வயரை இழுத்து விட்டு, பற்றரியில் மட்டும் ஓடவிட்டார். அப்படியும் ஓடியது.

றிஸானா லப்டொப்பின் புத்திக்குள் போய்ப் பார்த்தாள். சும்மா இருந்தால் எத்தனை நிமிடத்தில் தூங்குவது என்று கேட்கிற இடத்தில், ஒருநாளும் இல்லை என்று போட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை அவளே போட்டது. யாரும் மாற்றவில்லை.

கடைசியில் ஜெமீல் பயந்த இடத்துக்கு வந்தார். மூடி விளிம்பின் இரண்டு ஆணிகளைக் கழற்றினார். மகளுக்கு முதலில் தெரியக்கூடாது என்று மேசையை உடம்பால் மறைத்துக்கொண்டார். விளிம்பு திறந்தது. காந்தம் ஒட்டிய இடத்திலேயே, ஒட்டிய மாதிரியே, அரை நூல் கூட அசையாமல் இருந்தது.

அவர் விட்ட மூச்சில் மேசையில் கிடந்த முத்திரைத் தாள் ஒன்று புரண்டது.

பிழை தன்னுடையது இல்லை. ஆனால் அதை யாருக்கு நிரூபிப்பது? மணி மூன்று பத்து. லப்டொப் ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக, திருவிழாவுக்கு முழித்திருக்கிற சிறுவனைப் போலக் கண் விரித்துக்கொண்டிருந்தது.

"உமக்கு முன்னால படுக்காது," என்றார் தில்லைநாதன். "நீர் படலையைத் தாண்டினாப் படுக்கும். அதுக்குள்ள என்ன போட்டு வச்சிருக்கிறீர் ஜெமீல்?"

அந்தக் கேள்வி முதுகில் ஈரச் சேலை மாதிரி விழுந்தது. பதில் சொன்னால் சண்டை. சொல்லாவிட்டால் ஒப்புதல். ஜெமீல் ஒரு திருத்துகாரன் செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்தார். குறட்டைக் கீழே வைத்தார்.

"ஐயா, நான் இஞ்ச இல்லை எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ. ஒவ்வொரு நாளும் என்ன செய்வீங்களோ அதை அப்பிடியே செய்யுங்கோ. ஒண்டையும் விடாதேங்கோ. நாங்கள் அங்கால இருந்து பாக்கிறம்."

தில்லைநாதன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். எழுதுகிற வேலை அவருக்கு எப்படியும் இருந்தது. மேசை லாச்சியில் இருந்து ஒரு தாளை எடுத்து, லப்டொப்பைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு விரலால் குத்தத் தொடங்கினார். ஜெமீலும் றிஸானாவும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தது திரையின் முதுகு மட்டும்தான்.

ஒருவேளை தன் ஒப்பந்தத்தையே அடிக்கிறாரோ என்று ஜெமீல் நினைத்தார். நினைத்ததும் மனம் கொஞ்சம் சூடாறியது.

இராசேஸ்வரி அம்மா மட்டும் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றா.

"நீங்களும் அம்மா," என்றார் ஜெமீல். "வழமையா இந்த நேரம் இந்த அறைக்குள்ள வந்து ஏதும் செய்வீங்களெண்டா, செய்யுங்கோ."

அவா புருசனைப் பார்த்தா. புருசன் தாளைப் பார்த்தார். அவா தயங்கித் தயங்கி உள்ளே போனா. முன்பு சாத்திய கதவு திறந்தது. திரும்பி வரும்போது ஒரு கையில் செவ்வரத்தம்பூ. மற்றக் கையில், உள்ளங்கை அளவில், பித்தளை நிறத்தில் ஒரு பிள்ளையார்.

பூவைப் பிள்ளையாரின் தலையில் வைத்தா. பிள்ளையாரை லப்டொப்பில் வைத்தா. கை ஊன்றுகிற இடத்தில், இடப்பக்கம், சந்தனப் பொட்டுக்கு மேல்.

வான், லொறிகளின் முகப்பில் வைக்கிற பிள்ளையார் அவர். எந்தப் பள்ளத்தில் விழுந்தாலும் விழாதவர். அவர் ஏன் விழுவதில்லை என்று ஜெமீலுக்குத் தெரியும். பழுதான ஒலிபெருக்கிகளில் இருந்து காந்தம் கழற்றி விற்கிறவருக்கு அது தெரியாமல் போகுமா?

அவர் மனதுக்குள் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு என்றபோது நொத்தாரிசின் மூக்குக்கண்ணாடியில் தெரிந்த நீல வெளிச்சம் அணைந்தது.

தில்லைநாதன் இன்னும் தாளைப் பார்த்துக் குத்திக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்தார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்.

"கண்டீரோ? இப்ப என்ன சொல்லுறீர்?"

*

இப்ப என்ன சொல்வது?

ஜெமீலின் முன்னால் இரண்டு வழி இருந்தது. இரண்டும் குழி.

ஒன்று, முன்ஸிரின் வழி. உள்ளுக்குள் ஒரு சின்னச் சாமான் பிழை என்று சொல்லி, சாமானைக் கடைக்குக் கொண்டுபோய், அந்தக் கண்ணாடிக் குழாயின் வயரைச் சத்தமில்லாமல் வெட்டிவிடலாம். பிறகு பிள்ளையார் என்ன, பிள்ளையாரின் குடும்பமே ஏறி இருந்தாலும் லப்டொப் தூங்காது. ஒருவர் மனமும் நோகாது. ஆனால் 'என் பிழை' என்று சொன்னது பொழுதுபட முன் பசாரைச் சுற்றி வந்துவிடும். அசல் சாமானைக் கைமாற்றினவன் என்ற பேர் நிலைத்துவிடும்.

மற்றது உண்மை. ஒரு இந்து வீட்டுக்குள் வெள்ளிக்கிழமை நின்றுகொண்டு, ஒரு சோனகன், 'உங்கள் பிள்ளையாரால்தான் பிழை' என்று சொல்வது. காலம் நல்ல காலமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போவார்கள். இந்த ஊரில் நல்ல காலம் எப்போது வந்தது, எப்போது போனது என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு சொல்லுக்கு ஊரை விட்டுப் போனவர்கள் உண்டு. ஒரு சொல்லும் சொல்லாமலே போனவர்களில் ஜெமீலும் ஒருவர்.

அவர் மகளைப் பார்த்தார். றிஸானாவுக்கும் விளங்கிவிட்டது. அவள் கண் பிள்ளையாரில் இருந்தது, உதடு இறுக மூடியிருந்தது.

ஜெமீல் எழும்பினார். மேசையைச் சுற்றிப் போகவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அம்மா, அவரை ஒருக்கா நீங்களே தூக்குங்கோ. நான் தொடேல்லை. தூக்கினாப் பிறகு அந்த நீளப் பொத்தானை அமத்துங்கோ."

அவா ஒன்றும் விளங்காமல் பிள்ளையாரை எடுத்தா. பிள்ளையார் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் வந்தார். பொத்தானை அமத்தினா. வெளிச்சம் அவாவின் முகத்தில் விழுந்தது.

"இப்ப திரும்ப வையுங்கோ."

வைத்தா. வெளிச்சம் போனது.

இராசேஸ்வரி அம்மா பிள்ளையாரைக் கையில் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டா. மகன் ஓட்டின வான் வண்டியில் இருந்தவர் அவர் என்று அவா மெல்லச் சொன்னா. வானை வித்துத்தான் மகன் கனடாவுக்குப் போனான். வான் போனது, பிள்ளையார் நின்றார். மகன் அனுப்பின சாமான் விழுந்து உடைந்து திருந்தி வந்தபோது, காவலுக்கு மகனுடைய பிள்ளையாரையே வைத்தா. செவ்வாய்க்கிழமையில் இருந்து.

"அப்ப, தம்பி, என்ர பிள்ளையார்தானோ குறை?"

ஜெமீல் இதற்குத்தான் பயந்தார். ஆனால் கேள்வி கோபமாக வரவில்லை, நோவாக வந்தது. அது இன்னும் கடினமாக இருந்தது.

"அவரில என்ன குறை அம்மா. வாகனம் குலுங்கேக்க விழாம நிக்கவேணுமெண்டு அவருக்குக் கீழ காந்தம் வச்சிருக்கு. இந்தப் பெட்டிக்குச் சாமியைத் தெரியாது, காந்தத்தைத்தான் தெரியும். மூடியை மூடிப்போட்டினம் எண்டு நினைச்சுப் படுத்திடுது. ரண்டு சாண் தள்ளி வையுங்கோ, அவரும் இருப்பார், இதுவும் முழிச்சிருக்கும்."

அவா யோசித்தா. பிறகு, கேட்காத கேள்விக்குத் தானே பதில் சொன்னா.

"கடைக்குத் தரேக்கையும் எடுத்துப்போட்டுத்தான் தந்தனான். இண்டைக்கும் உங்களைப் படலையில கண்டிட்டு உள்ள கொண்டு போனனான். நீங்கள் தொட்டு வேலை செய்யிற சாமான், உங்களுக்குச் சங்கடமாயிருக்குமெண்டு."

"எனக்குச் சந்தனம் தெரிஞ்சது," என்றார் ஜெமீல். "கேட்டா உங்களுக்குச் சங்கடமாயிருக்குமெண்டு நானும் கேக்கேல்லை."

நாலு நாள். இரண்டு வீட்டு மரியாதையும் சேர்ந்து ஒரு அரிசிமணிக் காந்தத்தின் குணத்தை நாலு நாள் ஒளித்து வைத்திருந்தது. இராசேஸ்வரி அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. றிஸானாவும் சிரித்தாள். ஜெமீலின் தோளில் இருந்து ஒரு மூட்டை இறங்கியது போலிருந்தது. நொத்தாரிசே கண்ணால் கண்டுவிட்டார். இனி யார் என்ன சொல்ல?

தில்லைநாதன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் லப்டொப்பை மூட அவசரமாகக் கை நீட்டினார்.

"கொஞ்சம் பொறுங்கோ அங்கிள்," என்றாள் றிஸானா. "அடிச்சது போயிடும். ஒருக்கா எழுப்பிச் சேமிச்சுத் தாறன்." அவள் மேசையைச் சுற்றிப் போய் நீளப் பொத்தானை அமத்தினாள். வெளிச்சம் வந்தது. அவள் விரல் அந்தரத்தில் நின்றது.

"வாப்பா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஜெமீல் சுற்றிப் போய்ப் பார்த்தார். அவருக்குப் பழக்கமான வாசகம்தான். வவுனியா பசார் வீதி, மூன்றாம் இலக்கக் கடையறை. செப்டெம்பர் மாதம் முதலாந் திகதி தொடக்கம் ஒரு வருட காலத்துக்கு. ஐந்து வருடம் ஜெமீல் என்று இருந்த இடத்தில் சின்னராசா என்று இருந்தது.

தன் பேர் இல்லாத தாளை ஒரு மனிதன் எத்தனை தடவை வாசிக்கலாம்? அவர் இரண்டு தடவை வாசித்தார்.

தில்லைநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் ஜெமீலுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"உம்மில பிழை எண்டுதான் நினைச்சனான். நேற்றுப் பின்னேரம் சின்னராசாவுக்குச் சொல்லிப்போட்டன். நாலு மணிக்குச் சாட்சிக்காரரோட வாறான்."

"இப்ப என்னில பிழை இல்லையெண்டு தெரியும்தானே ஐயா."

"தெரியும். ஆனால் சொல்லியாச்சு. சொன்ன சொல்லை மாத்தின நொத்தாரிசிட்டை ஆர் உறுதி எழுத வருவினம்?"

ஜெமீல் அந்த லப்டொப்பைப் பார்த்தார். நேற்று இரவு படுத்தது. இன்று காலை படுத்தது. மத்தியானம் படுத்தது. இந்த ஒப்பந்தத்தை எழுதி முடிக்கவிடாமல் அது மூன்று தடவை கண்ணை மூடியிருக்கிறது. நாலாவது தடவை அதைத் தட்டி எழுப்பியது யார்? கருவிப் பெட்டியும் தூக்கிக்கொண்டு, சோதனைச் சாவடியும் தாண்டி, இரண்டு மணிக்கு வந்து சேர்ந்த ஜெமீல்தான்.

வீட்டில் றம்லா வாசலில் இருப்பாள். என்ன சொல்வது அவளுக்கு? பிழை என்னில் இல்லை, ஆனால் பெட்டி கட்டு என்றா?

இராசேஸ்வரி அம்மா கிட்ட வந்தா. புருசனின் தோளுக்கு மேலால் திரையை ஒரு தடவை வாசித்தா. பிறகு கேட்டா.

"இதைத்தானோ நேற்றைக்கும் எழுதினனீங்கள்?"

"ம்."

"காலமையும்?"

தில்லைநாதன் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

அவா பிள்ளையாரின் அடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தா. விழுந்திருந்த பூவை எடுத்து மறுபடி தலையில் வைத்தா. குனிந்து, சந்தனப் பொட்டுக்கு நேர் மேலே, அவரை அழுத்தி வைத்தா.

திரை கறுத்தது.

"செவ்வாய்க்கிழமை வைக்கேக்க ஒண்டுதான் கேட்டு வச்சனான்," என்றா. "பிழையான எழுத்து ஒண்டும் இதில ஏறக்கூடாதெண்டு."

ஜெமீலும் தில்லைநாதனும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். சுவர் மணிக்கூட்டில் நாலாக இன்னும் எட்டு நிமிடம். வெளியே மோட்டார் சைக்கிள் ஒன்று வேகம் குறைந்து படலையில் நின்றது. பின்னாலேயே இன்னொன்று. சின்னராசாவின் குரல், யாரோடோ சிரித்துக் கதைத்தபடி, முற்றத்துக்குள் வந்தது.

தில்லைநாதனின் கண் மெல்ல உயர்ந்து அலுமாரிக்கு மேல் போய் நின்றது. ஜெமீலின் கண்ணும் கூடவே போயிற்று. அங்கே, உறை போட்டபடி, முப்பது வருடம் நொத்தாரிசுக்கு உறுதி எழுதிக் கொடுத்த பழைய தட்டச்சு இயந்திரம் இருந்தது.

அதற்கு ஒருநாளும் நித்திரை வந்ததில்லை.